முப்பதாயிரத்துக்குள் முதல் பேஸ்

1961-இல் ஹாம்பர்க் நகரத்துக் கடையொன்றில் பால் மெக்கார்ட்னி வயலின் வடிவ பேஸ் கிட்டார் ஒன்றை வாங்கினார். விலை சுமார் 30 பவுண்டு. ஃபெண்டர் நிறுவன பேஸ் வாங்குவதென்றால் 100 பவுண்டு வேண்டியிருந்தது. கிளப்பில் இரவு முழுக்க வாசித்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்த இளைஞருக்கு அது எட்டாத தொகை. ஹோஃப்னர் 500/1 என்ற அந்தக் கருவி குட்டையானது, எடை குறைந்தது, உள்ளே கூடானது. இரண்டு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் இடதுகைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை. பீட்டில்ஸின் ஆரம்ப காலப் பாடல்களில் கேட்கும் உருண்டையான, மெத்தென்ற அடிநாதம் பணப்பற்றாக்குறையில் பிறந்தது என்று சொன்னால் பெரிய தப்பில்லை. 1972-இல் திருடுபோன அந்த பேஸ் அவரிடமே திரும்பி வந்த செய்தி 2024-இல் வெளியானது.

ஆகவே கையில் காசு குறைவாக இருக்கிறதே என்று யாரும் கூச வேண்டாம். கூச வேண்டியது அந்தக் காசைத் தவறான இடத்தில் கொட்டினால்தான். இன்றைக்குச் சென்னையிலோ மதுரையிலோ நாகர்கோவிலிலோ ஒரு கல்லூரி மாணவர், சர்ச் கொயரில் வாசிக்க ஆசைப்படும் ஒருவர், நாற்பது வயதில் திடீரென்று ஆசை வந்த வங்கி ஊழியர் என யாராக இருந்தாலும் முப்பதாயிரம் ரூபாயை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நல்ல பேஸும் அதை வாசித்துக் கேட்பதற்கான மற்றச் சாமான்களும் அதற்குள் அடங்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பணத்தைப் பிரியுங்கள். முப்பதாயிரம் இருந்தால் முப்பதாயிரத்துக்கும் கிட்டார் வாங்கிவிடக் கூடாது. இருபது, அதிகம் போனால் இருபத்திரண்டு கருவிக்கு. மிச்சம் எட்டாயிரம் கேபிள், ஸ்ட்ராப், ஹெட்ஃபோன் ஆம்ப், கருவியின் வளைவு, தந்தி உயரம் முதலியவற்றைச் சரிப்படுத்தும் செட்டப் வேலைக்கான கூலி, ஒரு செட் தந்தி ஆகியவற்றுக்கு. கடைக்காரர் இதை விரும்ப மாட்டார். இன்னும் எட்டாயிரம் போட்டால் அடுத்த மாடல் கிடைக்குமே என்பார். அடுத்த மாடல் நல்ல மாடல்தான். ஆனால் செட்டப் செய்யாத நாற்பதாயிர ரூபாய் பேஸைவிடச் செட்டப் செய்த இருபதாயிர ரூபாய் பேஸ் விரலுக்கு இதமாக இருக்கும். முதல் வருஷத்தில் விரல் சொல்வதுதான் முக்கியம்.

நெக் மட்டும் சரியாக இருக்கட்டும்

பேஸ் கிட்டாரில் அநேகமாக எல்லாவற்றையும் பிறகு மாற்றலாம். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப் பிடிக்கவில்லையா, வேறு போடலாம். ட்யூனர் தளர்ந்துவிட்டதா, பிரிட்ஜ் மட்டமானதா, பொட்டென்ஷியோமீட்டர் கரகரக்கிறதா, எல்லாம் சில நூறிலிருந்து சில ஆயிரத்துக்குள் முடியும் வேலை. தந்தியை மாற்றினாலே பாதி ஒலி மாறிவிடும். கழுத்து மரமான நெக் மட்டும் அப்படியல்ல. முறுக்கிக்கொண்ட நெக்கைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு பேஸே வாங்கிவிடலாம்.

காரணம் எளிது. நான்கு தந்திகளும் சேர்ந்து அந்த மரத்தை எழுபது, எண்பது கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. ஆறு தந்தி எலெக்ட்ரிக் கிட்டாரில் இந்த இழுவை ஏறக்குறைய 45 கிலோதான். பேஸின் நெக் அதைவிட நீளமும்கூட. தலைப்பக்கத்து நட்டிலிருந்து உடல்மேல் உள்ள பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் வழக்கமான பேஸில் 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர். நீளமான மரம், அதிகமான இழுவை, நம் ஊரின் ஈரக் காற்று. மரம் சரியாகப் பதப்படாமல் இருந்தால் ஒரே மழைக்காலத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை இது. பேஸை மடியில் வைத்துக்கொண்டு, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவது) ஒரு விரலாலும் நெக் உடலோடு சேருமிடத்து ஃப்ரெட்டில் இன்னொரு விரலாலும் அழுத்துங்கள். நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் நல்லது. அதைவிட அதிகமாக இருந்தால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் பின்னால் வளைந்திருக்கிறது. இரண்டுமே அவ்வளவில் குற்றமில்லை. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருப்பினால் சரியாகும். கடைக்காரரை உங்கள் கண்ணெதிரே திருப்பச் சொல்லுங்கள். திருகு நகரவில்லை, அல்லது நகர்ந்தும் நெக் அசையவில்லை என்றால் அந்தப் பேஸ் வேண்டாம், என்ன தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, உடல் பக்கத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி ஒற்றைக் கண்ணால் பாருங்கள், தச்சர் பலகையைப் பார்ப்பதுபோல. இரண்டு ஓரக் கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாகப் போக வேண்டும். ஒன்று மேலேறி ஒன்று இறங்கினால் அது முறுக்கு. ட்ரஸ் ராட் வளைவைத்தான் சரிசெய்யும், முறுக்கை ஒன்றும் செய்யாது.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, ஒன்றுவிடாமல், மெதுவாக வாசித்துக்கொண்டே போங்கள். சலிப்பான வேலை. கடைப் பையன் கொட்டாவி விடுவான். பரவாயில்லை. ஏதோ ஓரிடத்தில் மட்டும் தந்தி 'ஸ்ஸ்' என்று உரசினால் அங்கே ஃப்ரெட் தூக்கியிருக்கிறது. நெக்கின் ஓரத்தில் கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட்டின் முனைகள் தோலைக் கீறினால், மரம் காய்ந்து சுருங்கி உலோகம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஏசி ஷோரூமில் நெடுநாள் தொங்கிய கருவிகளில் இதைப் பார்க்கலாம். அரம் போட்டுத் தேய்த்தால் தீரும், ஆனால் விலை பேச ஒரு காரணம் கிடைத்தது. கடைசியாக, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியை அழுத்தி வாசியுங்கள். பின்பு அதே இடத்தில் விரலை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிட்ஜில் நகர்த்திச் சரிசெய்யலாம். செல்பேசியில் இலவச ட்யூனர் செயலி போதும்.

பி, ஜே, இரண்டும் சேர்ந்தது

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரெசிஷன் பேஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1960-இல் ஜாஸ் பேஸ். இன்று நீங்கள் கடையில் பார்க்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகள், அல்லது இரண்டுக்கும் பிறந்த கலப்பு. வாசிப்பவர்கள் பி பேஸ், ஜே பேஸ் என்பார்கள்.

பி பேஸில் நடுவில் ஒரே பிக்கப், இரண்டாக உடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஒரு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான். ஒலி கனமாக, நடுத்தரத்தில் திண்ணென்று நிற்கும். டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் பெரும்பாலும் வாசித்தது 1962-ஆம் வருஷத்து பிரெசிஷன். ஜே பேஸில் இரண்டு பிக்கப். இரண்டின் வால்யூமையும் கூட்டிக் குறைத்து ஒலியைச் செதுக்கலாம். நெக் தலைப்பக்கத்தில் ஒல்லியாக இருக்கும்: ஜேயில் நட்டின் அகலம் 38 மி.மீ., பியில் 41 மி.மீ.க்கு மேல். எண்ணில் சின்ன வித்தியாசம், கையில் பெரிய வித்தியாசம். சிறிய கைக்கு ஜே நெக் சுகம். ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பாட வைத்ததும் ஜாஸ் பேஸைத்தான். இரண்டாவது பிக்கப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒலியில் ஒரு மூக்குத்தன்மை வரும். தனித்துக் கேட்க வேண்டிய இடங்களுக்கு அது நல்லது.

பிஜே என்பது பியின் உடைந்த பிக்கப்பும் ஜேயின் பிரிட்ஜ் பிக்கப்பும் சேர்ந்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்றே இன்னும் தெரியவில்லை என்பவருக்கு இது நல்ல இடைவழி. பெரும்பாலும் பி பிக்கப்பை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பீர்கள், வேண்டும்போது மற்றதைக் கலப்பீர்கள்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சங்கதி இருக்கிறது. ஜேயின் ஒவ்வொரு பிக்கப்பும் ஒற்றைச் சுருள். இரண்டையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்ற மின்னிரைச்சல் தலைகாட்டும். எர்த் சரியாக இல்லாத பழைய வீடு, மண்டபத்தில் டியூப் லைட், சீரியல் செட், ஜெனரேட்டர் என்று சேர்ந்துகொண்டால் அந்த இரைச்சல் பாடலோடு போட்டி போடும். 1957-இலிருந்து வரும் பி பிக்கப்பில் இரண்டு பாதிகளும் ஒன்றின் இரைச்சலை ஒன்று ரத்து செய்யும்படி சுற்றப்பட்டிருப்பதால் அது எப்போதும் அமைதியாக இருக்கும். கோயில் திருவிழா மேடையில் வாசிக்கப் போகிறவருக்கு இந்த ஒரு காரணமே போதும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று ஷாக் அடித்தால் அது கிட்டாரின் கோளாறு அல்ல, அந்த மேடையின் வயரிங் கோளாறு. வாசிப்பதை நிறுத்தி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஆக்டிவ் பேஸ் வேண்டுமா? அதாவது உள்ளே 9 வோல்ட் பேட்டரி போட்ட ஒலிக்கட்டுப்பாடு உள்ளது. முதல் பேஸுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. மலிவு விலையில் வைக்கப்படும் ஆக்டிவ் சர்க்யூட் பல சமயம் இரைச்சலைத்தான் கூட்டும். கேபிளைப் பிடுங்காமல் விட்டால் பேட்டரி கரைந்துகொண்டேயிருக்கும், பாட்டு நடுவில் ஒலி கம்மிப்போகும். நாலைந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் வலது கை விரல் எங்கே அடித்தால் எந்த ஒலி வருகிறது என்று கற்றுக்கொள்ளலாம். நெக் பக்கம் போனால் மெத்தென்று, பிரிட்ஜ் பக்கம் வந்தால் கறாராக. அந்த ஈக்வலைசருக்குக் காசில்லை.

எந்தப் பெயர்

இருபதாயிரத்தை ஒட்டி, கொஞ்சம் முன்பின்னாக, நம் ஊரில் எளிதாகக் கிடைப்பவை நான்கு வீட்டுப் பேஸ்கள்: ஸ்குவையர், யமஹா, ஐபனெஸ், கோர்ட். விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கைக் கடையில்தான் பார்க்க வேண்டும்; தன்மையை இங்கே சொல்லலாம்.

யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் 174, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல் என்று கேட்டால் நான் சொல்வது. பிஜே பிக்கப், பேட்டரி இல்லை, 34 அங்குலம், 24 ஃப்ரெட். இதன் பெரிய குணம் ஒன்றேபோல் இருப்பது. ஒரு கடையில் எடுத்ததும் இன்னொரு ஊரில் எடுத்ததும் ஏறக்குறைய ஒரே தரம். மலிவு விலைக் கருவிகளில் அதிர்ஷ்டம் என்ற விஷயம் எப்போதும் உண்டு; அந்தச் சூதாட்டத்தை யமஹா குறைத்துவிடுகிறது. கடையில்லாத ஊரிலிருந்து பார்க்காமலே பார்சலில் வரவழைக்க வேண்டியவர் இதைத்தான் வரவழைக்க வேண்டும். அழகில் கொஞ்சம் அலுவலகத்தனம், அவ்வளவே.

ஸ்குவையர், 1982-இலிருந்து ஃபெண்டரின் சிக்கனப் பிராண்ட். அசல் பி, ஜே வடிவத்தை, அந்த நெக்கை, அந்த ஒலியின் சாயலை இந்த விலையில் தருவது இவர்கள்தான். அஃபினிட்டி வரிசை பெரும்பாலும் நம் பட்ஜெட்டைத் தாண்டும். சோனிக் வரிசை அடங்கும். சோனிக்கில் ஒரு கருவிக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தென்படும், ஆகவே நேரில் போய் இரண்டு மூன்றை எடுத்துப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள். நல்லதாக ஒன்று கையில் சிக்கினால் அதைப் பத்து வருஷம் வைத்திருக்கலாம். விற்கப் போனாலும் ஸ்குவையருக்குக் கேட்பவர் இருப்பார்.

ஐபனெஸின் ஜிஎஸ்ஆர் வரிசை ஒல்லி நெக்குக்கும் குறைந்த எடைக்கும் பேர்போனது. ஆறு தந்தி கிட்டாரிலிருந்து பேஸுக்கு வருகிறவர்கள் இதை எடுத்ததும் முகம் மலர்வார்கள். ஒலி கொஞ்சம் நவீனம், கொஞ்சம் மெலிவு. ஜிஎஸ்ஆர் 200-இல் அடிநாதத்தைக் கூட்டும் ஆக்டிவ் குமிழ் ஒன்று உண்டு. அது பிடித்துப்போனால் வாங்கலாம், அதற்காகவே வாங்க வேண்டியதில்லை. கோர்ட் கொரிய நிறுவனம்; இந்தோனேசியாவில் பெரிய தொழிற்சாலை வைத்து வேறு பெரிய பிராண்டுகளுக்கும் கிட்டார் செய்து கொடுக்கிறது. ஆக்‌ஷன் வரிசை பேஸ்கள் பெயருக்குக் கொடுக்கும் காசைக் கருவிக்குள் போட்டதுபோல் இருக்கும். திரும்ப விற்கும்போது மட்டும் கொஞ்சம் அடிபடும்.

பத்தாயிரத்துக்குக் கீழே இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றனவே, அவை? பை, ஸ்ட்ராப், கேபிள், சின்ன ஆம்ப் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில். முழுக்கக் குப்பை என்று தள்ள மாட்டேன். அவற்றிலும் நேரான நெக் வருவதுண்டு. ஆனால் உங்களுக்கு வருமா என்பது தெரியாது, வராவிட்டால் அது கருவியின் குற்றமா கையின் குற்றமா என்று பிரித்தறிய முதல் பேஸ் வாங்குகிறவரால் முடியாது. விரல் வலிக்கிறது, சுருதி சேரவில்லை, நமக்கு இது வராதுபோல என்று மூலையில் சாத்திவிடுவார். உண்மையில் தந்தி பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஐந்து மி.மீ. உயரத்தில் நின்றிருக்கும், இரண்டரைக்குள் இருக்க வேண்டியது. பட்ஜெட் நிஜமாகவே பத்தாயிரம்தான் என்றால் புதிதை விட்டுவிட்டுப் பழையதைத் தேடுங்கள்.

பழைய பேஸ் வாங்குவது முதல்முறை வாங்குகிறவருக்கு ஆபத்து என்று சிலர் பயமுறுத்துவார்கள். கூட வாசிக்கத் தெரிந்த ஒருவர் வந்தால் ஆபத்தில்லை. பேஸில் தேய்மானம் குறைவு. பத்து வருஷம் வாசித்த பேஸ் பல சமயம் புதியதைவிட நிதானமாக இருக்கும், ஏனென்றால் வளைய வேண்டிய மரம் இதற்குள் வளைந்து தீர்ந்திருக்கும். மேலே சொன்ன நெக் சோதனைகளை எல்லாம் செய்துவிட்டு, ஜாக்கில் கேபிளைச் செருகி ஆட்டிப் பாருங்கள், குமிழ்களைத் திருகிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், முகத்தைச் சுளித்து ஐநூறு ரூபாய் குறையுங்கள். தலைக்கும் நெக்குக்கும் நடுவிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே விரிசல் கண்டால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். ஐந்து தந்திக்கு மாறும் கொயர் வாசிப்பாளர்களும், வேலை கிடைத்து ஊர் மாறும் கல்லூரி பேண்ட் பையன்களும் விற்கும் நான்கு தந்தி பேஸ்தான் இந்தச் சந்தையின் உண்மையான லாபம். புதியதில் பாதி, மூன்றில் இரண்டு பங்கு விலைக்கு வரும்.

நீளம், தந்தி எண்ணிக்கை, கட்டை

34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது ஃப்ரெட் வரை கிட்டத்தட்ட 130 மி.மீ. நான்கு விரலும் அதைத் தாண்ட வேண்டும். 30 அங்குலக் குட்டை பேஸில் அதே தூரம் 115 மி.மீ. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும், சிறிய கையுள்ள பெரியவருக்கும், மணிக்கட்டு வலி உள்ளவருக்கும் இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஸ்குவையர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனெஸ் மிக்ரோ 28.6. குட்டை பேஸ் குழந்தைகளுக்கான பொம்மை என்ற எண்ணம் தவறு. மெக்கார்ட்னியின் ஹோஃப்னரும் குட்டைதான். ஒலி சற்று உருண்டு வரும், தடித்த தந்தி சற்றுத் தளர்ந்திருக்கும். நம் ஊர்க் கடைகளில் அதற்கான தந்தி செட் கேட்டதும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இது மட்டும்தான் உண்மையான இடைஞ்சல்.

நான்கா ஐந்தா என்ற கேள்விக்கு நம்மவர்களுக்குத் தனி நியாயம் உண்டு. நான்கு தந்தி பேஸின் அடி ஸ்வரம் மூன்று கட்டை. பாடுகிறவர் ஒன்றரைக் கட்டையிலோ இரண்டு கட்டையிலோ பாடினால் அந்த அடி ஷட்ஜம் உங்கள் கருவியில் இல்லை. ஒரு ஸ்தாயி மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். ஆண் பாடகர்கள் வழக்கமாகப் பிடிக்கும் சுருதி அதுதான். கீபோர்ட்காரர் ஒரு பட்டனைத் தட்டி ட்ரான்ஸ்போஸ் செய்துகொள்வார், உங்களால் முடியாது. ஐந்தாவது தந்தி இந்தக் குறையைத் தீர்க்கும்: கீழே ஏழு கட்டை வரை, 31 ஹெர்ட்ஸ் ஆழத்துக்கு இறங்கலாம். இன்றைக்கு ஆர்கெஸ்ட்ராவிலும் சர்ச்சிலும் ஐந்து தந்தி பரவியதற்கு இதுவும் காரணம்.

அப்படியிருந்தும் முதல் பேஸ் நான்கு தந்தியாக இருக்கட்டும் என்றே சொல்வேன். இருபதாயிர ரூபாய் ஐந்து தந்தி பேஸ்களில் அந்த அடித்தந்தி பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும். ஸ்வரம் வருவதற்குப் பதில் ஒரு உறுமல் வரும். வாசிக்காத தந்திகளை அடக்கி வைப்பதே பேஸில் பாதிக் கலை, அதில் தொடக்கக்காரருக்கு இன்னொரு தந்தி கூடுதல் பாரம். இரண்டு கட்டைப் பாட்டு வந்தால் தடித்த தந்தியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி இரண்டு கட்டைக்குக் கொண்டுவரலாம். பழகிய விரலமைப்பு அந்தத் தந்தியில் மட்டும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும், ஒரு வாரத்தில் பழகிவிடும். இளையராஜாவிடம் சசிதரனும் ரஹ்மானிடம் கீத் பீட்டர்ஸும் வாசித்த பாடல்களைக் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். கவனிக்க வைப்பது எவ்வளவு கீழே போகிறார்கள் என்பதல்ல, எந்த ஸ்வரத்தை எங்கே விடுகிறார்கள் என்பது.

ஃப்ரெட் இல்லாத பேஸ்மீது கர்நாடக சங்கீதக் காது உள்ளவர்களுக்கு ஒரு கண் இருக்கும். கமகம் வரும், ஜாரு வரும். ஆசை நியாயமானது. இரண்டாவது பேஸாக வாங்குங்கள். அக்கூஸ்டிக் பேஸ், மின்சாரமே வேண்டாம் என்று நினைப்பவரைக் கவர்வது, நடைமுறையில் ஏமாற்றம்: இரண்டு சாதாரணக் கிட்டார் பக்கத்தில் வாசித்தால் அதன் சத்தம் காணாமல் போகும். இடதுகைக்காரர்களுக்குக் கடையில் தெரிவே இருக்காது, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். இன்னும் தொடங்கவே இல்லை என்றால் வலதுகைக் கருவியிலேயே பழகுவது பலருக்குச் சிரமமில்லை.

மிச்சம் எட்டாயிரம்

நான்கு தந்தி பேஸின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். செல்பேசி ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஐந்தங்குல ஸ்பீக்கர் வைத்த பெட்டிகளும் அந்த ஸ்வரத்தின் மேல் ஓசைகளை மட்டும் காட்டி, இருப்பதாக நம்ப வைக்கும். அடிநாதத்தை நிஜமாகத் தள்ள பெரிய ஸ்பீக்கரும் கனமான பெட்டியும் நிறைய வாட்டும் வேண்டும். அதற்கு எட்டாயிரம் பத்தாது. ஆகவே வீட்டுக்கு ஆம்ப் வாங்காதீர்கள். மலிவு 10 வாட் ஆம்ப் மேடைக்கும் உதவாது, வீட்டில் பக்கத்து வீட்டாருக்கும் பிடிக்காது. வீட்டில் ஆறு தந்தி கிட்டாருக்கான ஆம்ப் இருந்தால் மெதுவாக வைத்து வாசிக்கலாம். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும்.

அதற்குப் பதில் நேராகக் கிட்டார் ஜாக்கில் செருகும் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்று, வாக்ஸ் ஆம்ப்ளக் வகையறா, பேஸுக்கென்றே வரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். நாலைந்தாயிரத்துக்குள் முடியும். செல்பேசியிலிருந்து பாட்டையும் உள்ளே கொடுத்து அதன் கூடவே வாசிக்கலாம், ராத்திரி பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். காதை மூடும் பெரிய ஹெட்ஃபோனில் 41 ஹெர்ட்ஸ் தெளிவாகக் கேட்கும். வீட்டில் கணினி உள்ளவர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் பதிவும் செய்யலாம், அது இன்னும் நல்ல முதலீடு. மேடை ஏறும் நாள் வந்தால் டிஐ பாக்ஸ் என்ற சிறு இணைப்புப் பெட்டி வழியே நேரே மிக்ஸருக்குக் கொடுத்துவிடுவார்கள். சர்ச்சிலும் கல்யாண மண்டபத்திலும் நடப்பது அதுதான், சொந்த ஆம்ப் இல்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஸ்ட்ராப் அகலமாக இருக்கட்டும். பேஸ் நான்கு கிலோவை ஒட்டி எடை வரும். இரண்டு அங்குல நைலான் பட்டை அரை மணி நேரத்தில் தோளை அறுக்கும். கேபிள் மூன்று மீட்டர் போதும், இரண்டு முனையும் உலோக ஜாக் உள்ளதாக.

தந்தி விஷயத்தில் கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வார்த்தை. உப்புக் காற்றும் வேர்வையும் சேர்ந்தால் புதுத் தந்தியின் பளபளப்பு சில வாரத்தில் போய்விடும். பேஸ் தந்தி செட் கிட்டார் தந்தியைவிடப் பல மடங்கு விலை, ஆகவே வாசித்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் பழைய பனியன் துணியால் துடையுங்கள். செத்துப்போன தந்தியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்புப் போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி மாட்டினால் கொஞ்ச நாளைக்கு உயிர் வரும். அவசரத்துக்கு வாசிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது. இல்லையென்றால் சொரசொரப்பான சுற்றுத் தந்திக்குப் பதில் வழவழவென்று தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் தந்தி போடுங்கள். விலை அதிகம், ஆனால் அழுக்கு ஏறாது, வருஷக்கணக்கில் ஓடும், பழைய தமிழ்ப் பாட்டின் இதமான பேஸும் அதில் எளிதில் வரும். ஜேமர்சன் தன் ஃப்ளாட்வவுண்ட் தந்திகளை அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டாராம்.

செட்டப் கூலியை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சென்னையில் 1842-இல் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடைகளில் வாங்கினால் பில் போடும் முன்பே செட்டப் செய்து தரக் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால் பக்கத்து ஊர் கிட்டார் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோங்கள். நெக் வளைவு, தந்தி உயரம், பிரிட்ஜில் சரிசெய்யும் சுருதி, நட் வெட்டு, நான்கையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறியதும் நெக் கொஞ்சம் அசையும். கோடையில் திரும்பவும் அசையும். அப்போது ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருப்பாதீர்கள், திருப்பியபின் ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். அதற்கான சாவி அட்டைப்பெட்டியின் மூலையில் சின்ன பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முன் அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.